தப்பாகப் போன பீரியடுக்கும் ஒரு பக்கம்

நான் முதன்முதலில் செய்த டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவில் (ஆசிரியர் தன் வேலையைச் சேர்த்து வைக்கும் இணையத் தொகுப்பு) 34 பக்கங்கள். பயிற்சி வகுப்புச் சான்றிதழ்கள், கண்காட்சியில் மாதிரிகளோடு நிற்கும் பிள்ளைகள், நான் பரிசு வாங்கும் படம் (இரண்டு கோணங்களில்), கலர் கலராகப் பாடக்குறிப்புகள். ஒரு விடுமுறை முழுக்க அதற்கே போனது. பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியையிடம் பெருமையாகக் காட்டினேன். பொறுமையாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர் கடைசியில் கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். தசமத்தை நீங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு இதுல எங்க போட்டிருக்கீங்க? எனக்கு நாளைக்கு அந்தப் பாடம்."

எங்கேயும் போடவில்லை.

அந்த வருடம் தசமத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்தது, வழி கண்டுபிடித்தது எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தன. போர்ட்ஃபோலியோவில் இருந்தது நான் நல்ல ஆசிரியை என்பதற்கான சாட்சிகள் மட்டும். வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவும். நாளைக் காலை வகுப்புக்குள் நுழையப்போகும் இன்னொரு ஆசிரியருக்கு உதவாது. இந்தக் குறிப்பு இரண்டாவது வகைக்கானது: கற்பிப்பதையும் கற்பதையும் சக ஆசிரியர்களோடு பங்கிட்டுக்கொள்ள ஒரு போர்ட்ஃபோலியோவை எப்படிக் கட்டுவது, எங்கெல்லாம் கால் இடறும்.

முதலில் ஒரே ஒரு பக்கம்

தளம், வண்ணம், முகப்பு எதையும் யோசிக்க வேண்டாம். இந்த மாதம் உங்கள் வகுப்பு எங்கே சிக்கியது என்று யோசியுங்கள். அந்தச் சிக்கலுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். பாடத்துக்கு ஒரு பக்கம், தேதிக்கு ஒரு பக்கம் என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்தில் கை ஓய்ந்துவிடும். சிக்கலுக்கு ஒரு பக்கம் என்றால் வருடத்துக்கு எட்டோ பத்தோதான் வரும், ஆனால் அந்த எட்டையும் யாராவது தேடி வந்து படிப்பார்கள்.

என் தசமப் பக்கத்தை அப்படியே இங்கே தருகிறேன். இதன் வடிவத்தில்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

*தலைப்பு:* 0.45 பெரியதா, 0.5 பெரியதா?

*நடந்தது:* ஆறாம் வகுப்பு, 38 பேர். துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். 23 பேர் 0.45 என்று எழுதினார்கள். காரணம் கேட்டதும் முதல் வரிசையிலிருந்து வந்த பதில்: "45 பெரிசு, 5 சின்னது மிஸ்." (படம்: மூன்று துண்டுத்தாள்கள்.)

*நான் செய்தது:* "பின்னால ஒரு பூஜ்யம் சேர்த்துக்கோ, 0.50 ஆயிடும், இப்ப பாரு" என்றேன். அடுத்த பத்துக் கணக்கும் எல்லோருக்கும் சரி. சந்தோஷமாக வெளியே வந்தேன். மறுவாரம் 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில் ஏதாவது எண் உண்டா என்று கேட்டேன். "இல்லை" என்று வகுப்பே சொன்னது.

*ஏன்:* பூஜ்யம் சேர்த்ததும் பிள்ளைகள் 45-ஐயும் 50-ஐயும் முழு எண்களாகத்தான் ஒப்பிட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த தப்பான எண்ணத்துக்கு நான் ஒரு குறுக்கு வழி கட்டிக்கொடுத்திருக்கிறேன். இட மதிப்பு யாருக்கும் புரியவில்லை.

*மாற்றியது:* 10-க்கு 10 கட்டத்தாள். முழுத்தாளும் 1. முதலில் 0.5-க்கு வண்ணம் தீட்டு, பிறகு 0.45-க்கு. ஏழு பேர் 0.5-க்கு ஐந்தே ஐந்து சின்னக் கட்டங்களைத் தீட்டினார்கள். (படம்.) அங்கேதான் எனக்கு நோய் எங்கே என்று தெரிந்தது: பத்தில் ஒன்று என்றால் ஒரு முழு நெட்டுவரிசை என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

*அடுத்த முறை:* நூறு கட்டத்தாளுக்கு முன்னால், பத்து பட்டைகள் மட்டும் உள்ள தாளை ஒரு முழு பீரியடுக்குக் கொடுக்க வேண்டும்.

*எடுத்துக்கொள்ள:* இரண்டு தாள்களும் அச்சிடத் தயாராக.

அவ்வளவுதான், கைப்பேசியில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும். எழுத இருபது நிமிடம். இதில் கனமான பகுதி, பூஜ்யம் சேர்க்கச் சொன்னது. அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வகுப்பு ஆசிரியை முதலில் நின்ற இடம் அதுதான். "நானும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார்.

எழுத வராதவர்களுக்கு டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-இல் முன்வைத்த மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. நடுக் கேள்வியைத்தான் நாம் எல்லோரும் தாவிவிடுகிறோம். என் பங்குக்கு ஒரு தடைச் சட்டமும் வைத்திருக்கிறேன்: "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்ற வாக்கியம் என் பக்கங்களில் வரக்கூடாது. அது எந்த வகுப்புக்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. அதற்குப் பதில் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். யாரோ ஒரு பிள்ளை விரலால் கட்டங்களை எண்ணியது, பெல் அடித்த பிறகும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

படம் எடுக்கும் முன்

இங்கே நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டேன். மூலையில் லேபிள், அதில் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம். தப்பான விடை, அதற்குப் பக்கத்தில் முழுப்பெயர். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். யாரும் புகார் செய்யவில்லை, ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து என் பழக்கம் இது. படம் எடுக்கும் முன்பே பெயரின்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்துவிடுவேன். கைப்பேசியில் எடுத்த பிறகு கறுப்புப் பேனாவால் அடித்து மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில பேனாக் கருவிகளின் மை அடியில் இருப்பதை முழுதாக மறைப்பதில்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். கூகுள் ஸ்லைடில் படத்தின் ஓரத்தை வெட்டினாலும் அப்படித்தான்: வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கிறது, திருத்தும் அனுமதி உள்ளவர் ஒரு சொடுக்கில் பழைய படத்தைக் கொண்டுவந்துவிடலாம். தாள் துண்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடமும்கூடப் பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால், அதைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் பிரதியைப் போடுங்கள். அந்த இடக்குறிப்பு பிரதிக்கு வராது.

முகங்கள் வேண்டாம் என்பது என் முடிவு. கையும் தாளும் போதும். கற்றல் நடந்தது தாளில்தான் தெரிகிறது, சிரிக்கும் முகத்தில் தெரிவதில்லை. குரல் பதிவும் முகம் மாதிரிதான், கேட்டவுடன் யார் என்று தெரிந்துவிடும். அதற்குப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பள்ளியின் விதி என்ன என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். பெற்றோர் சம்மதித்தும் "வேணாம் மிஸ்" என்று சொன்ன ஒரு பையன் உண்டு. அவன் தாள் பக்கத்துக்குப் போகவில்லை. சம்மதம் தந்தவர் பிறகு மனம் மாறினால் அன்றே எடுத்துவிட வேண்டும் என்பதால், யாருடைய தாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பீரோவில் பூட்டி வைத்த நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கே வைப்பது

இதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. சின்னப் பிள்ளைகள் தாங்களே வரைந்து, பேசிப் பதிவு செய்ய சீசா (Seesaw) என்ற செயலி வசதியானது. பேட்லெட் (Padlet) என்ற தளம் ஒரு சுவர் மாதிரி, குழுவாகத் துண்டுத்தாள் ஒட்ட நல்லது, நீண்ட நாள் சேமிப்புக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மஹாரா இதற்கென்றே உருவான திறந்த மூல மென்பொருள், 2006-இல் நியூசிலாந்தில் தொடங்கியது. மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தோடு சேர்ந்து இயங்கும். ஆனால் நிறுவனத்தில் யாராவது ஒருவர் அதை நிறுவிப் பராமரிக்க வேண்டும். நான் கூகுள் சைட்ஸ் என்ற, இணையப்பக்கம் கட்டும் கருவியில் வைத்திருக்கிறேன். அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

கூகுள் சைட்ஸில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. தளத்தை 'பப்ளிஷ்' செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருப்பீர்கள். ஆனால் பக்கத்துக்குள் கூகுள் டிரைவிலிருந்து செருகிய தாளுக்குத் தனி அனுமதி. தளத்தைத் திறந்து வைத்தாலும் அது பூட்டியே கிடக்கும். உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் நீங்கள்தான் சொந்தக்காரர். என் தசமத்தாளை 11 பேருக்கு அனுப்பி, 11 பேரிடமிருந்தும் 'அனுமதி கேட்கிறார்' என்ற மின்னஞ்சல் வந்தது. அதனால் இணைப்பை அனுப்பும் முன், உலாவியில் மறைநிலைச் சாளரம் (Incognito) திறந்து, உங்கள் கணக்கில் நுழையாமல் எல்லாவற்றையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். முடிந்தால் வேறொருவர் கைப்பேசியிலும் பாருங்கள். அச்சிடும் தாள்களை மட்டும் ஒரு தனி டிரைவ் ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டருக்கே 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று கொடுத்துவிட்டால் இந்த வேலை ஒரு தடவையோடு முடியும். பிள்ளைகளின் தாள்களை அந்த ஃபோல்டரில் தவறியும் போடாதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய பாடக்குறிப்புகள் யூனிகோடு (எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் இருந்தால், ஒட்டியதும் புரியாத கிறுக்கலாகிவிடும். படமாக மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியும், தேடலில் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றியே போடுங்கள். இன்னொன்று, பக்கத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் அதன் முகவரியைப் பகிரும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக இரண்டு மூன்று வரிக்கு நீண்டு, பார்ப்பவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். பக்கத்தின் பண்புகளில் தனிப்பாதை (Custom path) என்ற இடம் இருக்கிறது. அங்கே ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு சொல் கொடுத்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

படங்களின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துப் போடுங்கள். கைப்பேசியிலிருந்து நேராக வரும் படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும், பாதிப் பேர் பக்கம் திறக்கும் முன்பே போய்விடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) எழுதுங்கள். 'மாணவர் வேலை' என்று எழுதினால் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்தும் ஆசிரியருக்கு ஒன்றும் கிடைக்காது. '0.5 என்பதற்கு ஐந்து சிறு கட்டங்கள் மட்டும் தீட்டிய நூறு கட்டத்தாள்' என்று எழுதினால் பாடமே கிடைத்துவிடும்.

பிள்ளைகளின் பக்கம்

ஆசிரியர் எழுதுவது பாதிதான். மீதியைப் பிள்ளைகள் வைக்க வேண்டும். அதையும் நாமே தேர்ந்தெடுத்தால், பழையபடி கண்காட்சி ஆகிவிடும்.

மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் இரண்டு தாள் எடுக்க வேண்டும், ஒரே வகைக் கணக்கில் முதல் முயற்சியும் பிந்தைய முயற்சியும். கூடவே மூன்று வரி: முதலில் என்ன நினைத்தேன், எது மாற்றியது, இன்னும் எது குழப்பம். முதல் மாதம் எல்லோரும் சிவப்பு மையில் 'மிக நன்று' வாங்கிய தாள்களையே கொண்டுவந்தார்கள். அழகான கையெழுத்து, அடிக்கோடு போட்ட விடை. "பிந்தைய முயற்சி சரி, முதல் முயற்சி எங்கே?" என்று கேட்டால், கிழித்துப் போட்டாச்சு.

இரண்டாவது மாதம் ஒரு பெண் பிள்ளை கசங்கிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கையால் தேய்த்துத் தேய்த்து நீட்டினாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதி, அதன்மேல் பெரிதாக அடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு செவ்வகம், அதில் பாதிக்கு வண்ணம். அதன் கீழே எழுதியிருந்தாள்: "பாதியோட கொஞ்சம் சேர்த்தா பாதியை விட எப்படிக் குறையும்?" ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். விடை ஆறில் ஐந்து என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. மதிப்பெண் போட்டிருந்தால் பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.

அந்தத் தாளை வகுப்பில் காட்டிப் பேசிய பிறகு மற்றவர்களும் அடித்த தாள்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இப்போது அழிப்பானுக்கே தடை. தப்பென்றால் ஒரு கோடு, மேலே புதிது. அடுத்த பிரிவு ஆசிரியர்களுக்கு என் குறிப்புகளைவிடப் பிள்ளைகளின் மூன்று வரிகள்தான் அதிகம் பிடிக்கின்றன, இதில் எனக்குச் சின்னப் பொறாமையும் உண்டு.

இந்தத் தொகுப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்ட அன்றே சுத்தமான தாள்கள் திரும்பி வந்துவிடும். மேலதிகாரி கேட்டால், மதிப்பெண்ணுக்கு வேறு தேர்வுகள் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன், அரை மனதாக ஒத்துக்கொண்டார்கள்.

மற்றவர்களைப் படிக்க வைப்பது

லீ ஷுல்மன் என்ற கல்வியியலாளர் 1993-இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியில்தான் தனிமை இருக்கும், கற்பித்தலில் கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தாராம், நேர் எதிராக இருந்ததாம். ஆராய்ச்சியை எல்லோரும் படிக்கிறார்கள், விமர்சிக்கிறார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் ஆசிரியர் தனியாள். நாற்பது பிள்ளைகள் நடுவில் நின்றுகொண்டு தனியாக இருப்பது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் போர்ட்ஃபோலியோவின் இணைப்பை குரூப்பில் போட்டு 'பார்த்துக் கருத்துச் சொல்லவும்' என்றால் கட்டைவிரல்கள்தான் வரும். முழுத் தளத்தையும் அனுப்பாதீர்கள். ஒரு பக்கத்தை, ஒரு ஆளுக்கு, ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். "இந்தப் பட்டைத்தாளை எந்த இடத்தில் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கேட்டால் பதில் வந்தே தீரும். கூகுள் சைட்ஸில் வாசகர் கருத்து எழுத இடமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கூகுள் டாக் வைத்து, கருத்திடும் அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் அறைச் சுவரில் அந்த வாரத்துப் பக்கத்தின் க்யூஆர் குறியீட்டை ஒட்டி வைத்ததும் உதவியது. கைப்பேசியை நீட்டிவிட்டு நின்றபடியே படிக்கிறார்கள்.

மற்றவர்கள் உங்கள் தாள்களை எடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்பதையும் எழுதி வையுங்கள். இதற்கென்றே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. 'சிசி பை' என்றால் பெயரைக் குறிப்பிட்டு எதையும் செய்துகொள்ளலாம், 'சிசி பை-என்சி' என்றால் வணிகத்துக்கு மட்டும் கூடாது. நீங்களே செய்ததற்குத்தான் இதைக் கொடுக்க முடியும். பாடநூல் பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டுவிட்டு உரிமம் எழுதக்கூடாது. பிள்ளைகளின் தாள்களும் பிள்ளைகளுடையவை, இந்த உரிமத்துக்குள் வராது என்று ஒரு வரி சேருங்கள்.

காணாமல் போகாமல்

என் முதல் போர்ட்ஃபோலியோ இருந்த தளம் ஒரு நாள் மூடப்பட்டது. முன்னறிவிப்பு, நான் திறந்தே பார்க்காத மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. 34 பக்கங்களும் போயின. (பெரிய இழப்பில்லை, பரிசு வாங்கும் படம் வீட்டில் இன்னும் இருக்கிறது.) இப்போது பருவத்துக்கு ஒரு முறை எல்லாப் பக்கங்களையும் பி.டி.எஃப் ஆக்கி ஒரு பென்டிரைவில் வைக்கிறேன். கூகுள் கணக்கில் உள்ளதைப் பதிவிறக்கும் கூகுள் டேக்அவுட் சேவை மூலம் மொத்தமாகவும் பிரதி எடுக்கலாம். பள்ளி கொடுத்த கணக்கில் வைத்திருப்பவர்கள் கவனம்: வேலை மாறினால் கணக்கு போகும், அதோடு எல்லாம் போகும். என் குறிப்புகளும் தாள்களும் சொந்தக் கணக்கில், பிள்ளைகளின் படைப்புகள் பள்ளிக் கணக்கில் என்று பிரித்து வைத்திருக்கிறேன். பள்ளியை விட்டுப் போகும்போது பிள்ளைகளுடையது அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எனக்கு ஓய்வு. அதில் இருபது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. எழுத எதுவும் இல்லாத வாரம் பழைய பக்கம் ஒன்றைத் திருத்துவேன். இந்த வாரம் திருத்த ஒன்று காத்திருக்கிறது. பட்டைத்தாளைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்த பக்கத்து வகுப்பு ஆசிரியை, தசமப் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறார்: "0.5 எல்லாருக்கும் வந்துடுச்சு டீச்சர். 0.05-க்கு மூணு பேர் ஒரு பட்டையில பாதியைத் தீட்டி வச்சிருக்காங்க. உங்க தாள்ல பட்டைக்குள்ள கோடே இல்லையே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தப் பாதிப் பட்டை சரியான விடை என்று அவருக்குப் பதில் எழுத வேண்டும். அந்த மூன்று பேரையும் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.